காசநோய்க் கிருமியின் சாதுவான சொந்தக்காரன்

"மழை விட்டாப் போதும், மகன் வளவுக்க இறங்கிச் சேத்தில நிக்கிறான். ஏசினா, 'மண்ணில விளையாடினா சந்தோசம் வருமாம், ரீச்சர் சொன்னவா' எண்டு கதைக்கிறான். உண்மையோ? அந்தச் செம்மண் கறை என்னெண்டு போகும்?" இணுவிலில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

ரீச்சர் சொன்னதற்குப் பின்னால் மைக்கோபற்றீரியம் வக்கே என்றொரு மண் பற்றீரியா இருக்கிறது. காசநோய், தொழுநோய்க் கிருமிகளுக்குச் சொந்தம், ஆனால் சாது. அதன் பெயர் இலத்தீனின் 'வக்கா'வில் இருந்து வந்தது, பசு என்று பொருள். லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் மேரி ஓ'பிரையன் என்ற மருத்துவரும் குழுவினரும் இதைச் சூடாக்கிக் கொன்று, நுரையீரல் புற்றுநோயாளர்களுக்கு மருந்தோடு சேர்த்து ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். 2004இல் முடிவு வெளிவந்தது. ஆயுள் கூடவில்லை. ஆனால் இருந்த நாட்களை அவர்கள் கொஞ்சம் நல்லபடியாகக் கழித்திருந்தார்கள்.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் லவ்ரி இதைப் பிடித்துக்கொண்டார். 2007இல் அவருடைய குழு, இந்தப் பற்றீரியா கொடுத்த சுண்டெலிகளின் மூளையில் செரட்டோனின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் ஒரு கூட்டம் நரம்புக் கலங்கள் விழித்துக்கொண்டதைக் கண்டது. தண்ணீரில் விட்டபோது அவை மற்ற எலிகளைப் போலச் சீக்கிரம் சோர்ந்து மிதக்காமல் கூடுதல் நேரம் நீந்தின. செரட்டோனின் மனநிலையோடு சம்பந்தப்பட்டது என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

சரி, செத்த பற்றீரியா உடம்பின் ஒரு மூலையில் கிடக்கிறது. மூளைக்கு யார் போய்ச் சொன்னார்கள்? இந்த இடம்தான் எனக்கு ஆகப் பிடித்தது.

காய்ச்சல் வந்த நாளை நினைத்துப் பாருங்கள். சாப்பாடு பிடிக்காது, ஒருவரோடும் கதைக்கப் பிடிக்காது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்போம். கிருமி மூளைக்குள் போனதால் அல்ல அப்படி. கிருமியோடு சண்டை பிடிக்கும் நிர்ப்பீடன (நோய் எதிர்ப்பு) கலங்கள் விடும் இரசாயனச் சேதிகள் மூளைக்குப் போய், "அடங்கிக் கிட" என்கின்றன. காய்ச்சல் மாறினால் சேதியும் நிற்கும். இந்தச் சண்டை, அதாவது அழற்சி, அடிமட்டத்தில் நாட்கணக்காகப் புகைந்துகொண்டே இருந்தால்? மனச்சோர்வு உள்ள சிலருடைய இரத்தத்தில் அந்த அழற்சிச் சேதிகள் வழமையைவிடக் கூடுதலாக இருக்கின்றன.

நிர்ப்பீடனத்தில் சண்டைக்காரர் மட்டுமில்லை, "காணும், விடுங்கோ" என்று விலக்குப் பிடிக்கிறவர்களும் உண்டு. ஒழுங்காக்கும் ரி கலங்கள் என்று அவர்களுக்குப் பெயர். 2016இல் லவ்ரியும் ஜெர்மன் ஆய்வாளர்களும் கொன்ற பற்றீரியாவை எலிகளுக்கு ஊசியால் ஏற்றிவிட்டு, அவற்றை ஒரு சண்டியன் எலியோடு ஒரே கூட்டில் விட்டார்கள். ஊசி போட்டவை பயந்து நடுங்குவது குறைந்தது. மன அழுத்தத்தால் வரும் குடல் அழற்சியும் தணிந்தது. அடுத்து, அந்த விலக்குப் பிடிக்கும் கலங்களை மட்டும் அகற்றிவிட்டுப் பார்த்தார்கள். நன்மை அவ்வளவும் போய்விட்டது! மூளைக்குப் போன சேதி எந்தக் கை வழியாகப் போனது என்பதை இதைவிட அழகாகக் காட்ட முடியாது.

2019இல் இன்னும் ஒரு படி. பற்றீரியாவுக்குள் இருந்து ஒரு கொழுப்பமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். கண்டதை விழுங்கும் வெண்குருதிக் கலத்துக்குள் அது போய் ஒரு வாங்கியில் (சேதியை ஏற்கும் புரதத்தில்) பொருந்திக்கொள்ள, அழற்சியைத் தூண்டும் வழி அடைபடுகிறது. விழுங்கியவனை விழுங்கப்பட்டதே சாந்தப்படுத்துகிறது.

ஆனால் இதெல்லாம் எலி. ஊசியில் ஏற்றியதும் முழங்காலில் அப்பிய சேறும் ஒன்றல்ல. பிள்ளைகளிடம் செய்ததில் எனக்குப் பிடித்தது பின்லாந்தின் ஆய்வு. பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களின் முற்றத்தில் காட்டு மண்ணையும் புல்லையும் விரித்து, 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை 28 நாள் விளையாட விட்டார்கள். தோலில் வாழும் நுண்ணுயிர் வகைகள் கூடின, இரத்தத்தில் அழற்சியை அடக்கும் பக்கம் பலமானது. 2020இல் வெளிவந்த அந்த ஆய்வு மனநிலையை அளக்கவில்லை. ஆகவே ரீச்சர் சொன்னது பாதி உண்மை, மீதி நம்பிக்கை.

இதைப் படித்துவிட்டு, நல்லூர்க் கோயில் வீதியில் மண்ணில் உருண்டு பிரதட்டை எடுப்பதே இந்தப் பற்றீரியாவுக்காக முன்னோர் செய்த ஏற்பாடு என்று தயவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பிரதட்டை எடுக்கிறவர் முருகனுக்காக எடுக்கிறார். அவருக்கு எலியின் சாட்சி தேவையில்லை. அதற்குச் செலவழிக்கும் ஆர்வத்தில் கொஞ்சம், எங்கள் முன்பள்ளி முற்றம் ஒன்றில் பின்லாந்துக்காரர் செய்ததைச் செய்துபார்க்கப் போனால் நல்லது. நாலு லோட் மண், சில இரத்தப் பரிசோதனை. பெரிய கட்டடத்துக்குக் கிடைக்கும் காசு இப்படிச் சின்ன வேலைக்குக் கிடைப்பதில்லை என்பது என் பழைய புலம்பல்.

அம்மாவுக்கு: விளையாட விடுங்கள், ஆனால் தேங்கிய வெள்ளத்தில் வேண்டாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனது மறந்திருக்காது. காலில் புண் இருந்தால் அன்றைக்கு இறக்கக் கூடாது. மருந்தடித்த வெங்காயப் பாத்தியும் விளையாட்டிடம் இல்லை. ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி போட்டிருக்க வேண்டும், சாப்பிட முதல் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கறை: செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஒட்சைட்டு, அதாவது ஏற்கனவே துருப்பிடித்தது. வெளுக்கும் திரவம் ஊற்றினால் துணிதான் பழுதாகும். காயவிட்டு உதறி, பிறகு தேசிப்புளி தேய்த்து ஊறவிட்டுப் பாருங்கள், கொஞ்சம் இளகும். வெள்ளைச் சட்டையோடு அவனை இறக்காமல் விட்டால் அந்த வேலையும் இல்லை.