ஓவர்டென்ச்சர்னா என்ன, தமிழ்ல அதை எப்படிச் சொல்றது?

மேல்தாடைல ஒரு பல்லுகூட இல்லாதவங்ககிட்ட "இம்ப்ளான்ட் வச்சு ஓவர்டென்ச்சர் போட்டுக்கலாம்"னு டாக்டர் சொன்னா, நிறைய பேர் அதை கழட்டவே முடியாத ஃபிக்ஸட் பல்லுன்னு நினைச்சுக்கிறாங்க. அப்படி இல்லைங்க. தினமும் நாமளே கழட்டி கழுவி மாட்டிக்கிற பல்செட்டுதான், எலும்புல பதிச்ச டைட்டானியம் ஸ்க்ரூ (அதுதான் இம்ப்ளான்ட்) அடியில இருந்து அதைப் பிடிச்சுக்கும், அவ்ளோதான் வித்தியாசம்.

டென்ச்சர் பிரெஞ்சு வழியா வந்த சொல்லு, மூலம் பல்லைக் குறிக்கிற லத்தீன் சொல். ஓவர்னா மேல. கெட்டுப்போன பல்லை முழுசா பிடுங்காம வேரை மட்டும் விட்டு வச்சு அதுக்கு மேல செட்டை உட்கார வச்ச காலத்துப் பேரு இது, அப்புறம் வேர் இருந்த இடத்துக்கு இம்ப்ளான்ட் வந்துச்சு, பேரு மாறல. இம்ப்ளான்ட்டுக்கு லத்தீன் மூலத்துல நடுறதுன்னு அர்த்தம். டைட்டானியத்தோட எலும்பு ஒட்டிப் பிடிச்சுக்குதுன்னு ஸ்வீடன்ல பிரோனமார்க்ங்கிற ஆராய்ச்சியாளர் கண்டுபிடிச்சு, 1965ல முதல் நோயாளிக்கு வச்சார்.

கீழ்தாடைக்கு ரெண்டு இம்ப்ளான்ட் வச்ச ஓவர்டென்ச்சரே முதல் தேர்வா இருக்கணும்னு 2002ல கனடாவோட மெக்கில் பல்கலைக்கழகத்துல கூடின நிபுணர்கள் சொன்னாங்க. அதே கணக்கை மேலே போடக்கூடாது. மேல்தாடை எலும்பு மெத்துனு இருக்கும், பின்பக்கம் சைனஸ்ங்கிற காத்து அறை வேற இடத்தை அடைச்சுக்கும், அதனால பொதுவா குறைஞ்சது நாலு இம்ப்ளான்ட் வேணும், அதையும் முன்னாடியே குவிக்காம ரெண்டு பக்கமும் பரப்பி வைக்கணும். அப்படி வச்சா அண்ணத்தை மூடுற தகட்டையும் நிறைய பேருக்கு குறைச்சுடலாம்.

என்னைக் கேட்டா பிளானிங்ல ஸ்க்ரூ எங்கங்கிறது ரெண்டாவது கேள்வி. பல்லு எங்க வரணும், அதுதான் முதல்ல. பல்லு போனதும் மேல்தாடை எலும்பு உள்பக்கமா கரையும், உதடு உள்ள போயிடும், அதைத் தாங்க செட்டோட வெளி விளிம்பு தேவையான்னு முகத்துல வச்சுப் பார்த்தாதான் தெரியும். அதனால மெழுகுல பல்லை அடுக்கி, சிரிக்க வச்சு பேச வச்சு பார்த்து, அதையே மாதிரியா வாயில மாட்டி சிபிசிடிங்கிற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்தா எலும்பும் வரப்போற பல்லும் ஒண்ணா தெரியும். செட்டு உட்கார கிடைக்கிற இடத்தோட உயரமும் அளக்கணும். பிரஸ் பட்டன் மாதிரி டக்குனு மாட்டுற லொக்கேட்டருக்கு கம்மி இடம் போதும், நாலு இம்ப்ளான்ட்டையும் இணைக்கிற பார்ங்கிற உலோகக் கம்பி வச்சா சுமார் 12 மி.மீ.யாவது தேவைப்படும், அது இல்லாம செஞ்சா செட்டு மெலிஞ்சு உடையும்.

இப்ப தமிழுக்கு வருவோம். இம்ப்ளான்ட்டுக்கு உள்வைப்புன்னு எழுதுறாங்க, தப்பில்ல, ஆனா உள்ள வச்சாங்கன்னு மட்டும்தான் அது சொல்லுது. எனக்குப் பிடிச்சது ஊன்றுங்கிற சொல்லு. விதை ஊன்றுறோம், ஊன்றுகோல் பிடிக்கிறோம், நடுறதும் தாங்குறதும் ரெண்டுமே அதுக்குள்ள இருக்கு. ஓவர்டென்ச்சரை ஊன்று பல்செட்டுன்னு சொல்லலாம், ஆனா சம்மதப் படிவத்துல எழுதும்போது "கழற்றி மாட்டும் ஊன்று பல்செட்டு"ன்னு முழுசா எழுதுங்க, கையெழுத்து போடுறவங்களுக்கு அந்த முதல் ரெண்டு வார்த்தைதான் ரொம்ப முக்கியம்.