பரணில் கிடந்த வால்வு ரேடியோவை எடுத்தவுடன் பிளக்கில் செருகாதீர்கள்

டிரான்சிஸ்டர் வருவதற்கு முன், வால்வு எனும் கண்ணாடிக் குழல்களால் இயங்கிய பழைய ரேடியோக்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். பட்டறைக்கு வரும் பெட்டிகளில் பலவும் முப்பது நாற்பது ஆண்டுகள் பரணில் கிடந்தபோது கெட்டவை அல்ல. கீழே இறக்கிய அன்றே, பாடுகிறதா என்று பார்ப்பதற்காகச் சுவரிலுள்ள பிளக்கில் செருகியபோது கெட்டவை. தாத்தா வாங்கியது, வீட்டை இடித்தபோது அகப்பட்டது, காரைக்குடியின் பழம்பொருள் கடையொன்றில் ஆசைப்பட்டு வாங்கியது என எந்த வழியில் வந்த பெட்டியானாலும் கொண்டுவருபவர் சொல்லும் கதை ஏறக்குறைய ஒன்றுதான்: சற்று நேரம் உறுமியது, கருகல் வாடை வந்தது, பிறகு பேச்சுமூச்சு இல்லை.

அந்தச் சில நிமிடங்களில் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் செருகும் கை தானாகவே தயங்கும். வால்வு ரேடியோவில் வீட்டு மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றி, ஏறத்தாழ 200 முதல் 300 வோல்ட் வரையில் எல்லா வால்வுகளுக்கும் அனுப்புகிறார்கள். அந்த மின்சாரத்திலுள்ள ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வதற்காக, பெரும்பாலும் ஒரே அலுமினியக் குப்பிக்குள், 32 அல்லது 50 மைக்ரோஃபாரட் அளவில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் இரண்டு எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள் இருக்கும். இவற்றின் உட்தகட்டில் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு படலமே மின்காப்பு. மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும் வரையில் கெடாமல் இருக்கும் அந்தப் படலம், பயன்பாடின்றிக் கிடக்கும் ஆண்டுகளில் நலிந்துவிடுகிறது. அந்த நிலையில் முழு மின்னழுத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுத்தால் கண்டென்சர் வழியாக மின்சாரம் கசிகிறது, கசிவால் சூடேறுகிறது, சூட்டால் கசிவு மேலும் கூடுகிறது. கண்டென்சர் வெடிப்பதோடு போனால் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். அதற்குள், நேர்மின்சாரமாக மாற்றும் ரெக்டிஃபயர் வால்வும் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போய்விட்டால் செலவு பல மடங்காகும், அதே அளவில் பொருந்தும் டிரான்ஸ்ஃபார்மரும் எளிதில் கிடைக்காது.

இதைவிட ஓசையில்லாமல் கெடுதல் செய்யும் பொருள் ஒன்று உண்டு. ஒலியைப் பெருக்கும் வால்வின் வெளியீட்டு முனையான ஆனோடிலிருந்து ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் வால்வின் உள்ளீட்டு முனையான கிரிடுக்குப் போகும் வழியில், மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர் ஒன்று இருக்கும். ஒலியை மட்டும் விட்டு நேர்மின்சாரத்தைத் தடுப்பது அதன் வேலை. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அந்தக் காகிதம் நமுத்துப் போகிறது. பத்து மைக்ரோஆம்பியர், அதாவது ஒரு ஆம்பியரில் இலட்சத்தில் ஒரு பங்கு, கசிந்தாலே போதும். கிரிடிலுள்ள ஒரு மெகாஓம் ரெசிஸ்டரில் அது பத்து வோல்ட்டாக நின்று, வால்வைக் கட்டுக்குள் வைத்திருக்கும் எதிர்மறை அழுத்தத்தையே அழித்துவிடும். கடிவாளம் இழந்த அவுட்புட் வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்து, அதன் ஆனோடு தகடு அடுப்புக் கம்பியைப் போலச் சிவக்கும். அண்மையில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெட்டியொன்றில் இ.எல்.84 என்னும் அவுட்புட் வால்வின் கண்ணாடி உட்புறம் பழுப்பேறியிருந்தது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிச் சுற்று அறுந்திருந்தது. இரண்டுக்கும் காரணமான அந்தக் கண்டென்சர், ஒரு வேளை தேநீர்ச் செலவில் மாற்றக்கூடியது.

ஆகவே நான் எந்தப் பெட்டிக்கும், உரிமையாளர் “போன மாதம்கூடப் பாடியது” என்று சொன்னாலும், கண்ணால் பார்க்காமல் மின்சாரம் கொடுப்பதில்லை. பின்பலகையைக் கழற்றி, எலி கடித்த வயர்கள், பொடிந்து உதிரும் ரப்பர் உறைகள், சேசிஸ் எனும் உலோகச் சட்டத்துக்கும் இணைப்பு முனைக்கும் இடையே காய்ந்து ஒட்டிக்கொண்ட பல்லி ஆகியவற்றை முதலில் தேடுவேன். பல்லி ஒன்று சுருங்கிக் கிடந்து 250 வோல்ட்டைச் சேசிஸோடு இணைத்துவிடுவது இத்தொழிலில் அபூர்வமன்று. பிறகு மேற்சொன்ன காகிதக் கண்டென்சரை எதையும் சோதிக்காமலே மாற்றிவிடுவேன். எலக்ட்ரோலிடிக் குப்பியைச் சோதித்து, தேறாவிட்டால் மாற்றுவேன். அதன் பின்னரே மின்சாரம், அதுவும் சீரிஸ் பல்பு வழியாக.

எலக்ட்ரீசியன்களின் கைப்பெட்டியில் இருக்கும் அதே சீரிஸ் போர்டுதான் இது. அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றை, எல்.இ.டி. பல்பு உதவாது, ரேடியோவோடு தொடராக இணைத்துவிட்டால், உள்ளே முழு ஷார்ட் இருந்தாலும் பல்பு தாங்குமளவுக்கு மேல் மின்சாரம் பாய முடியாது. நல்ல நிலையிலுள்ள பெட்டியானால் பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து, வால்வு இழைகள் சூடாகச் சூடாக மங்கும். மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே அணைத்துவிட்டு ஷார்ட்டைத் தேட வேண்டும். பல்புச் சோதனையில் தேறியபின், பல்பை எடுத்துவிட்டு முழு மின்சாரம் கொடுத்து நான் அளக்கும் முதல் அளவு அவுட்புட் வால்வின் கிரிடு மின்னழுத்தம், இ.எல்.84 என்றால் இரண்டாவது பின். சேசிஸிலிருந்து அளந்தால் அங்கே சுழியம் இருக்க வேண்டும். நேர்மறையாக அரை வோல்ட் காட்டினாலும் பெட்டியை அணைத்துவிடுவேன்.

பெட்டி போனால் பெட்டியோடு போகும். ஆள் போவதற்கும் வழி இருக்கிறது என்பதுதான் இக்கட்டுரையை எழுத வைத்தது. கல்கத்தா போன்ற நகரங்களின் சில பகுதிகளில் ஒரு காலத்தில் டி.சி., அதாவது நேர்மின்சாரம், வழங்கப்பட்டது. டி.சி.யில் டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்யாது. எனவே இரண்டு மின்சாரத்திலும் இயங்கும்படி, டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல், வால்வுகளின் இழைகளையெல்லாம் ஒரே தொடராகக் கோத்து ஏ.சி./டி.சி. பெட்டிகளைச் செய்தார்கள், விலை குறைவு என்பதால் ஏ.சி. மட்டுமே வந்த ஊர்களிலும் அவை விற்றன. இவற்றில் மின்கம்பியின் ஒரு முனை நேரே சேசிஸில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்தக் காலத்து இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் ஃபேஸ் சேசிஸுக்கு வந்துவிடும். பெட்டி இரு வகையிலும் ஒன்றுபோலப் பாடும் என்பதால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. மரப்பெட்டியும் பேக்கலைட்டு குமிழ்களுமே பாதுகாப்பு. ஒரு குமிழ் கழன்று போய் வெறும் தண்டு நீட்டிக்கொண்டிருந்தாலோ, குமிழை இறுக்கும் சிறு திருகின் பள்ளத்தில் அடைத்திருந்த மெழுகு உதிர்ந்திருந்தாலோ, குழந்தையின் விரல் 230 வோல்ட்டைத் தொடுகிறது.

உங்கள் பெட்டி எந்த வகை என்பதை வால்வின் பெயரிலேயே பெரும்பாலும் அறியலாம். ஐரோப்பிய முறைப் பெயர்களில் முதல் எழுத்து இ என்று இருந்தால், இ.சி.எச்.81, இ.எல்.84 போல, அவை 6.3 வோல்ட் இழை கொண்டவை. பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. யு.சி.எச்.81, யு.எல்.84, யு.ஒய்.85 என முதல் எழுத்து யு ஆக இருந்தால் அவை 100 மில்லிஆம்பியர் தொடர் இழை வால்வுகள். சேசிஸில் ஃபேஸ் இருப்பதாகவே வைத்துக்கொண்டு கையாளுங்கள். இவற்றைத் திறந்து வேலை செய்ய, பெட்டியை மின்வாரியக் கம்பியிலிருந்து பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். டிம்மர்ஸ்டாட் இருக்கிறதே என்று பலர் சொல்வதுண்டு. அது மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்குமே ஒழிய, மின்வாரியக் கம்பியிலிருந்து உங்களைப் பிரிக்காது.

டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டியிலும் பிளக்கைப் பிடுங்கிய உடனே கைவைக்கக் கூடாது. எலக்ட்ரோலிடிக்கில் தேங்கிய மின்னூட்டத்தை, பத்து கிலோஓம் ஐந்து வாட் ரெசிஸ்டரை உறையிட்ட வயரில் பற்றவைத்து, சில விநாடிகள் பிடித்து வடித்துவிட்டு, மீட்டரால் அளந்து பார்த்த பின்பே தொட வேண்டும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது; எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

மாற்றுப் பொருள் வாங்கும்போது, மின்னணுப் பொருள் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்ததையெல்லாம் போட்டுவிடக் கூடாது. உறுமல் போக வேண்டும் என்று 32 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 220 போடுகிறார்கள். இ.இசட்.80 போன்ற ரெக்டிஃபயர் வால்வு தாங்கும் உச்சம் 50 தான்; அதற்கு மேல் போனால் கண்டென்சர் ஒவ்வொரு முறை நிரம்பும்போதும் பாயும் மின்சாரம் வால்வைத் தின்றுவிடும். 47 போடுங்கள், 400 வோல்ட் அல்லது அதற்கு மேல். மின்கம்பிகளுக்கு இடையே வரும் கண்டென்சருக்கு எக்ஸ்2 எனும் பாதுகாப்பு வகையும், மின்கம்பிக்கும் சேசிஸுக்கும் இடையிலும், ஏ.சி./டி.சி. பெட்டிகளின் ஏரியல், எர்த் இணைப்புகளிலும் ஒய்2 வகையும் மட்டுமே போட வேண்டும். 630 வோல்ட் என்று அச்சிட்ட சாதாரணக் கண்டென்சர் இவ்விடங்களுக்குப் பொருந்தாது. அது ஷார்ட்டானால் ஏரியல் கம்பியைத் தொட்டவர் கதி என்ன?

பின்புறம் 110, 125, 145, 200, 220, 245 என்று மின்னழுத்தத் தேர்வி இருந்தால் 245இல் வையுங்கள். பல பழைய பெட்டிகளில் ஃபியூஸே கிடையாது. அரை ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைச் சேர்த்துவிடுவது நல்லது. பெட்டியின் உட்கூரையில் வால்வுக்கு நேர் மேலே சாம்பல் நிற அட்டை தென்பட்டால் அது கல்நாராக இருக்கலாம். சுரண்டவோ ஊதவோ வேண்டாம். டயல் கண்ணாடியில் இலங்கை, திருச்சி என்று நிலையப் பெயர்கள் எழுதியிருக்கும் பக்கத்தை ஈரத்துணியால்கூடத் துடைக்காதீர்கள். ஒரே இழுப்பில் எழுத்து முழுவதும் துணியோடு வந்துவிடும், அதை மீட்க வழியில்லை.

வாங்குபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. “வேலை செய்கிற கண்டிஷன்” என்று விற்கப்படும் பெட்டிகள் சிலவற்றில் மூலச் சேசிஸைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, மலிவான எஃப்.எம். போர்டைத் திணித்திருக்கிறார்கள். கடையில் சுவிட்சைப் போடச் சொல்லிக் காத்திருங்கள்: வால்வு சூடாகி ஓசை வர ஏறக்குறைய அரை நிமிடம் பிடிக்க வேண்டும். போட்டவுடன் பாடினால் நீங்கள் வாங்குவது வெறும் மரப்பெட்டி.

சேகரிப்பாளர்கள் சிலர் இப்போது வெளிநாட்டிலிருந்து வரும் பழைய ரேடியோ ஸ்கேனர்களையும் தேடுகிறார்கள். ஒலிபரப்பைக் கேட்கும் ரேடியோவுக்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமம் எடுக்கும் முறை 1980களில் போய்விட்டது என்பதால், இதற்கும் தடையில்லை என்று நினைக்கிறார்கள். ஆனால் காவல்துறை போன்றோரின் அலைவரிசைகளைத் தேடிக் கேட்கும் ஸ்கேனர் வேறு வகையைச் சேர்ந்தது. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் இத்தகைய கருவியை உரிமமின்றி வைத்திருப்பதையே குற்றமாக்கியது; 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோக் கருவியை வைத்திருக்க அனுமதி கேட்கிறது. அந்த அனுமதியைக் காட்டாமல் கொண்டுவரப்படும் ஸ்கேனரை நான் பழுதுக்கு எடுப்பதில்லை.