மாசு வரைபடத்தின் நிறத்தை நம்பும் முன்

நாளைக்கு உங்கள் பகுதியில் நுண்துகள் இவ்வளவு இருக்கும் என்று செயலியில் வரும் எண்ணை எந்தக் கருவியும் அளந்திருக்காது. சி.எம்.ஏ.க்யூ, டபிள்யூ.ஆர்.எஃப்-கெம் போன்ற கணினி மாதிரிகள் போடும் கணக்கு அது. எங்கே சறுக்கும் என்று தெரிந்துகொண்டு படித்தால் மிகவும் பயனுள்ள கணக்கு.

மாதிரி வளிமண்டலத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக்கொள்கிறது. நகர அளவில் ஒரு பெட்டியின் பக்கம் பெரும்பாலும் 1 முதல் 4 கி.மீ.; தரையை ஒட்டிய பெட்டியின் உயரம் ஏறத்தாழ 20 முதல் 40 மீட்டர். ஒரு நேரத்தில் ஒரு பெட்டிக்கு ஒரே எண்தான். சாலையோரக் காற்றும் பூங்காவின் காற்றும் அதற்குள் சராசரியாகிவிடும். அதனால், சாலையோர நிலையம் காட்டுவதைவிட மாதிரி குறைவாகச் சொன்னால் உடனே பிழை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

மாதிரி நேரத்தையும் துண்டு துண்டாக வெட்டியே கணக்கிடுகிறது; ஒரு துண்டுக்குக் கால அடி என்று பெயர். காற்று ஒரு கால அடிக்குள் ஒரு பெட்டியைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கட்டுப்பாடு. 4 கி.மீ. பெட்டியில் விநாடிக்கு 20 மீட்டர் காற்று வீசினால் அடி 200 விநாடிக்குள் இருக்க வேண்டும். வேதிவினைகளுக்கு இதுகூட நீளம்: எதனோடும் சட்டென வினைபுரியும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் ஒரு விநாடி அளவே தாங்கும், கார்பன் மோனாக்சைடோ மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே வேதியியலைத் தனியாக, சிறுசிறு அடிகளில் தீர்க்கிறார்கள்.

ஆனால் விடையைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தக் கணிதம் அல்ல, உள்ளே போகும் உமிழ்வுப் பட்டியல்தான், அதாவது எங்கிருந்து எந்த மாசு எவ்வளவு வெளியாகிறது என்ற கணக்கு. நைட்ரஜன் ஆக்சைடுகளின் எடையைப் பட்டியல்கள் வழக்கமாக நைட்ரஜன் டை ஆக்சைடாகக் கணக்கிட்டே தருகின்றன. மோலாக, அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கையாக, மாற்றும்போது அதன் மூலக்கூறு எடையான 46-ஆல் வகுக்க வேண்டியதை நைட்ரிக் ஆக்சைடின் 30-ஆல் வகுத்தால் உமிழ்வு 53 சதவீதம் கூடிவிடும். நிரல் எந்த எச்சரிக்கையும் தராது.

நேரப் பிழை இன்னும் ஆபத்தானது. மாதிரி உலக நேரத்தில் ஓடுகிறது, வாகன நெரிசல் உள்ளூர் நேரத்தில் நடக்கிறது. இரண்டுக்கும் நடுவே 5 மணி நேரம் நழுவினால் காலை 8 மணிப் புகை பிற்பகல் 1 மணிக்கு வெளியாகும். காலையில் சில நூறு மீட்டர் ஆழத்துக்குள் அடைபட வேண்டிய புகை, பிற்பகலில் 1 முதல் 2 கி.மீ. வரை கலந்து நீர்த்துப்போகும். தரையில் செறிவு பல மடங்கு குறையும். அன்றைய மொத்த உமிழ்வு சரியாகவே இருப்பதால் கூட்டிப் பார்த்தால் பிடிபடாது. நெரிசலான ஒரு பெட்டியை எடுத்து, மணிவாரி உமிழ்வை உள்ளூர் நேரத்தில் வரைந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை, கட்டாயம் செய்ய வேண்டிய வேலை.

ஓசோனில் உள்ளுணர்வை நம்பவே கூடாது. புதிதாக வெளியாகும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடும். பெரிய பெட்டியில் அது நீர்த்துப்போவதால் இரவு ஓசோனை மாதிரி கூடுதலாகக் காட்டுவது சகஜம். வாகனப் புகை மிகுந்த நகர மையங்களில் நைட்ரஜன் ஆக்சைடை மட்டும் ஓரளவு குறைத்தால் ஓசோன் ஏறலாம். 2020 ஊரடங்கில் உலகின் பல நகரங்களில் நடந்தது இதுதான். எனவே நைட்ரஜன் ஆக்சைடுக்கு ஒன்று, ஓசோன் உருவாவதில் பங்குள்ள ஆவியாகும் கரிமச் சேர்மங்களுக்கு ஒன்று, இரண்டையும் சேர்த்து ஒன்று என்று உமிழ்வைக் குறைத்துப் பார்க்கும் ஓட்டங்கள் (மாதிரியை இயக்கிப் பார்ப்பது) தனித்தனியே வேண்டும். முதல் இரண்டின் விளைவைக் கூட்டினால் மூன்றாவது கிடைக்காது. இதைச் செய்யாமல் ஒரே ஓட்டத்தை வைத்து கொள்கை வகுப்பது மக்கள் மூச்சோடு விளையாடுவதாகும்.

ஓட்டத்தின் தொடக்க நாள்களில் நாம் கொடுத்த ஆரம்ப அளவுகளின் சாயல் தங்கியிருக்கும். வட்டார ஓட்டங்களில் முதல் 5 முதல் 10 நாள்களைக் கழித்துவிடுவது வழக்கம். பி.எம். 2.5 என்ற நுண்துகளின் 24 மணி நேரச் சராசரிக்கு 30 சதவீதத்துக்குள் சாய்வு (அளவீட்டைவிடச் சராசரியாகக் கூடவோ குறையவோ காட்டுவது) இருந்தால் ஏற்கலாம் என்று ஒரு வரையறை புழக்கத்தில் உண்டு. அதை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். சல்பேட் மிகையாகவும் கரிமத் துகள் குறைவாகவும் இருந்து, இரண்டும் ஈடுகட்டி மொத்தம் சரியாகத் தெரியலாம். அந்த மாதிரியிடம் கந்தகக் குறைப்பின் பலனைக் கேட்டால் உள்ளதைவிட அதிகமாகச் சொல்லும். ஆய்வறிக்கை கைக்கு வந்தால் துகளின் கூறுவாரி ஒப்பீடு, காற்றின் வேகத்தையும் கலவை உயரத்தையும் (புகை மேலே எவ்வளவு தூரம் கலக்கிறது என்பது) அளவீட்டோடு ஒப்பிட்ட படம், உமிழ்வுப் பட்டியலின் ஆண்டு ஆகியவற்றைத் தேடுங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.