புள்ளி நடுவில் இல்லை

ஒரு வாசகரின் கேள்வி: “18.3 ஓவரில் 148 ரன். 148-ஐ 18.3-ஆல் வகுத்தால் கால்குலேட்டர் 8.09 என்கிறது. டிவியில் ரன் ரேட் 8.00 என்று போடுகிறார்கள். எது சரி?”

டிவிதான் சரி. 18.3-இல் இருக்கும் புள்ளி தசமப் புள்ளியே அல்ல. அது 18 ஓவர், 3 பந்து. ஓவருக்கு ஆறு பந்து என்பதால் அந்த 3 பந்து அரை ஓவர். வகுக்க வேண்டியது 18.5-ஆல். சரியாக 8 வரும். புள்ளிக்கு வலப்பக்க முதல் இடத்தின் மதிப்பு பத்தில் ஒன்றாக இருந்தால்தான் தசமம். கிரிக்கெட்டில் அது ஆறில் ஒன்று. ஸ்கோர் போர்டில் 18.5-க்குப் (18 ஓவர், 5 பந்து) பிறகு 19 வருவது அதனால்தான். ஐந்தடி பதினோரு அங்குல ஆள் தன் உயரத்தை 5.11 அடி என்று எழுதுவதிலும் இதே கோளாறு. தசமக் கணக்கில் 5.11 அடி என்பது ஐந்தடி ஒன்றேகால் அங்குலம் சொச்சம்தான்.

இடப்பக்கம் ஓர் இடம் நகர்ந்தால் பத்து மடங்கு, வலப்பக்கம் நகர்ந்தால் பத்தில் ஒரு பங்கு. இது பள்ளியிலேயே படித்ததுதான். ஆனால் 47.362 என்ற எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இடப்பக்கம் ஒன்று, பத்து என்று போகிறது. வலப்பக்கமோ எடுத்த எடுப்பிலேயே பத்தில் ஒன்று. ‘ஒன்றில் ஒன்று’ எங்கே போனது? அதுதான் 7 இருக்கும் இடம். புள்ளியை நடுவாக வைத்தால் இருபுறமும் பொருந்தாது. ஒன்றின் இடத்தை நடுவாக வைத்துப் பாருங்கள்: ஓர் இடம் இந்தப் பக்கம் பத்து, ஓர் இடம் அந்தப் பக்கம் பத்தில் ஒன்று, இரண்டு இடம் தள்ளினால் நூறும் நூறில் ஒன்றும். அச்சுப் பிசகாமல் உட்காரும். ஒன்றின் இடம் எது என்று காட்டும் அடையாளம் மட்டுமே புள்ளி.

தசமப் பின்னங்களை ஆரம்ப காலத்தில் எழுதியவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. 10-ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் எழுதிய கணித அறிஞர் அல்-உக்லிதிசி, ஒன்றின் இட இலக்கத்தின் தலைக்கு மேல் ஒரு சிறு கோடு போட்டார். 1585-இல் ஃபிளெமிஷ் கணிதர் சைமன் ஸ்டீவின், ஒன்றின் இடத்திலிருந்து வலப்பக்கம் ஒவ்வோர் இலக்கத்துக்குப் பின்னும் வட்டத்துக்குள் ஓர் எண் எழுதினார். அவர் முறையில் நம் எண் 47⓪3①6②2③. வட்டத்துக்குள் இருப்பது, ஒன்றை எத்தனை முறை பத்தால் வகுத்தோம் என்ற கணக்கு. 7-க்கு ஒரு முறைகூட இல்லை, அதனால் சுழி. எழுதக் கை வலிக்கும். ஆனால் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிடத் தெளிவான எழுத்துமுறை கிடையாது.

நம் பழைய பின்னங்களில் இந்த ஒழுங்கு இல்லை. நான்கு முந்திரி (முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு) ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால். ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. மேலே கொண்டுபோகும் எண்ணும் படிக்குப் படி மாறும். நிலம் பங்கிடவும் நெல் அளக்கவும் அருமையான ஏற்பாடு. ‘முன்னோருக்குத் தெரியாததா’ என்று பெருமை பேசுபவர்கள் அதில் நீளமாக ஒரு கூட்டல் போட்டுப் பார்க்கலாம். தசமத்தில் எந்த இடத்திலும் விதி ஒன்றே: பத்து சேர்ந்தால் ஒன்று மேலே.

வகுப்பறையில் சறுக்குவது பெரும்பாலும் படிக்கும் விதத்தால். 0.35-ஐப் ‘பாயின்ட் முப்பத்தைந்து’ என்று படித்தால் அது 0.4-ஐவிடப் பெரிதாகத்தான் தோன்றும். ‘பூச்சியம் புள்ளி மூன்று ஐந்து’ என்று படிக்க வையுங்கள், 0.4-ஐ 0.40 ஆக்கி ஒன்றின்கீழ் ஒன்றாக எழுத வையுங்கள். நூறில் 35, நூறில் 40, குழப்பம் போய்விடும். ‘பத்தால் பெருக்கினால் ஒரு சைபர் சேர்’ என்ற குறுக்குவழியைக் கற்பிப்பதை நிறுத்தினாலே பாதித் தொல்லை தீரும். 3.4-க்குப் பின்னால் சைபர் சேர்த்தால் 3.40, மதிப்பு இம்மியும் மாறாது. பத்தால் பெருக்கும்போது ஒவ்வோர் இலக்கமும் ஓர் இடம் இடப்பக்கம் ஏறுகிறது: 3 பத்தின் இடத்துக்கு, 4 ஒன்றின் இடத்துக்கு. விடை 34.

எடைத்தராசில் 1.05 கிலோவும் 1.5 கிலோவும் 450 கிராம் வித்தியாசம். மருந்துச் சீட்டில் விளைவு இன்னும் மோசம். அரை மில்லிகிராமை .5 என்று எழுதிப் புள்ளி மங்கினால் 5 ஆகிவிடும், 5-ஐ 5.0 என்று எழுதிப் புள்ளி கண்ணில் படாவிட்டால் 50. இரண்டிலும் மருந்து பத்து மடங்கு. அதனால் மருந்தளவு எழுதும்போது புள்ளிக்கு முன்னால் சுழி கட்டாயம். முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் சுழியும் கூடவே கூடாது.