கரிச்சான் கூட்டும் கூட்டம்

"ஆனைமலையில் ஒரு மணி நேரம் நடந்தும் ஒரு குருவிகூடக் கண்ணில் படவில்லை. திடீரென்று ஒரு திருப்பத்தில், ஒரே மரத்தில் ஏழெட்டு வகைப் பறவைகள். கேமராவை எடுப்பதற்குள் மரம் காலி. இது என்ன கூத்து?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

அவர் பார்த்தது கலப்புக் கூட்டம். பூச்சி தின்னும் பல இனங்கள் ஒன்றாகச் சேர்ந்து மரத்துக்கு மரம் மேய்ந்துகொண்டே போகும். கண்கள் கூடினால் வல்லூறைச் சீக்கிரம் பார்த்துவிடலாம், இந்தக் கூட்டுக்கு அது ஒரு முக்கியக் காரணம். சரி, சொந்த இனத்தோடு மட்டும் சேர்ந்தால் போதாதா? எல்லாருக்கும் அதே கிளை, அதே பூச்சி என்றாகிவிடும். இங்கே பசையெடுப்பான் மரத்தண்டில் தலைகீழாக இறங்குகிறது, மின்சிட்டு உச்சி இலைகளைத் துழாவுகிறது, சிலம்பன் கீழே புதரைக் கிளறுகிறது. பந்தி ஒன்று, இலை வேறு.

இந்தப் பந்தியில் எனக்குப் பிடித்த ஆள் துடுப்புவால் கரிச்சான். மற்றவை கிளறும்போது தப்பிப் பறக்கும் பூச்சியை அந்தரத்திலேயே பிடிப்பது அதன் பிழைப்பு. குனிந்து தேடும் வேலை இல்லாததால் தலை எப்போதும் நிமிர்ந்திருக்கும். ஆபத்து பெரும்பாலும் அதன் கண்ணில்தான் முதலில் படும். பயந்த சுபாவமும் இல்லை. காக்கைகளிடம் அடிபட்ட கரிக்குருவிக்கு, அதாவது கரிச்சானுக்கு, சொக்கநாதர் மந்திரம் உபதேசித்து 'வலியான்' ஆக்கியதாகத் திருவிளையாடற் புராணம் சொல்லும். கரிச்சான் காக்கையை விரட்டுவதைப் பார்த்த யாரோதான் அந்தக் கதையைத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஆனால் கிளறித் தர ஆள் இல்லையென்றால் அந்த வலியானுக்கும் சாப்பாடு குறையும். அதனால் ஆள் பிடிக்கிறது, அவரவர் மொழியில்! இலங்கையின் சிங்கராஜ மழைக்காட்டில் பறவை ஆய்வாளர்கள் சரத் கொட்டகமவும் எபன் குடேலும் அங்குள்ள கரிச்சானின் குரலைப் பதிவுசெய்து ஒலிக்கவிட்டார்கள். அதன் சொந்தக் குரலை மட்டும் ஒலித்தபோது வந்ததைவிட, மற்ற பறவைகளைப் போல அது செய்த மிமிக்ரியையும் சேர்த்தபோது கூட்டாளிகள் அதிகமாக வந்தன. அதோடு, அமைதியான நேரத்தில் மற்றவற்றின் சாதாரணக் குரலையும் பாட்டையும், ஆபத்து வேளையில் அவற்றின் அபாயக் குரலையும் எடுத்துவிடுகிறது. வெறும் கிளிப்பேச்சு இல்லை. நேரம் பார்த்துப் பேசுகிறது.

அந்தக் காட்டில் கலப்புக் கூட்டங்களை 1981 முதலே பின்தொடர்ந்து குறிப்பெடுத்து வந்திருக்கிறார்கள். இத்தகைய பொறுமைக்கு நிதி கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்று திருப்பிக் கேட்கும் வழக்கம் மட்டும் மாறவே இல்லை.

அடுத்த முறை நடக்கையில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பாம்புக் கழுகின் குரலும் சிலம்பனின் கலகலப்பும் ஒரே கிளையிலிருந்து அடுத்தடுத்து வந்தால் அங்கேயே நில்லுங்கள். கேமரா அப்போது பைக்குள் இருக்கக் கூடாது.