மூன்றரை மாத ஊசி ஏன் விட்டுப்போகிறது?

குழந்தைகள் மருத்துவம் பார்க்கிறவர்களுக்குத் தடுப்பூசி அட்டையில் எந்தக் கட்டம் காலியாக இருக்கும் என்பது பார்க்கும் முன்பே ஓரளவு தெரியும். பிறந்ததும் போடும் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி), மஞ்சள் காமாலை ஊசி, போலியோ சொட்டு மருந்து மூன்றும் பிரசவம் நடந்த ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிடும். ஒன்றரை மாத, இரண்டரை மாத ஊசிகளும் பெரும்பாலும் தவறுவதில்லை. மூன்றரை மாதத்தில்தான் சிக்கல். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாயும் பிள்ளையும் புகுந்த வீட்டுக்குக் கிளம்புவது நம் வழக்கம். அதுவரை வீடு தேடி வந்து ஞாபகப்படுத்திய நர்ஸம்மா அந்த ஊரில் இல்லை. அட்டையோ அம்மா வீட்டு பீரோவில் கிடக்கும்!

ஊர் மாறியது ஒரு தடையே இல்லை. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகப் போடுவார்கள். தமிழ்நாட்டில் புதன்கிழமைதான் வழக்கமான தடுப்பூசி நாள். அட்டையை மட்டும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"நாள் தள்ளிப்போச்சே டாக்டர், மறுபடி முதல்ல இருந்து போடணுமா?" வேண்டாம். விட்ட தவணையிலிருந்து தொடர்ந்தால் போதும். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் போடுவது பென்டாவேலன்ட், அதாவது கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசி. அதில் இரண்டு தவணைகளுக்கு நடுவே குறைந்தது 4 வாரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் மெதுவாகப் போட்டுக்கொள்ளலாமே என்று நினைத்துவிட வேண்டாம். கக்குவான் இருமல் பெரியவர்களை வாரக்கணக்கில் இருமவைத்துவிட்டுப் போய்விடும். கைக்குழந்தைக்கு அதே நோய் வந்தால் இருமல்கூடப் பெரிதாக இல்லாமல் திடீரென்று மூச்சு நின்று, உடம்பு நீலம் பாரிக்கலாம். பயம் அதிகம் முதல் ஆறு மாதங்களில்தான். இந்த மூன்று தவணைகளையும் 6, 10, 14 வாரம் என்று நெருக்கி வைத்திருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

அடுத்த சாக்கு, சளி. மூக்கு ஒழுகுவது, லேசான இருமல், உடம்பு கொஞ்சம் கதகதப்பாக இருப்பது எதற்கும் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் பிறந்த தேதியை வைத்தே கணக்கு.

தட்டம்மை–ரூபெல்லா ஊசியின் கதை வேறு. அதை ஏன் 9 மாதம் வரை தள்ளுகிறோம்? தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையின் ரத்தத்தில் இருக்கும்வரை இந்த ஊசி சரியாக வேலை செய்யாது. 9 மாதத்தில் போட்டாலும் நூற்றுக்குச் சுமார் 85 குழந்தைகளுக்கே தட்டம்மைக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. மீதிப் பிள்ளைகளைக் காப்பது 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் இரண்டாம் தவணை. ஆனால், "ஒன்பதாம் மாத ஊசியோட எல்லாம் முடிஞ்சுதே" என்று அட்டையை எடுத்து வைத்துவிடுகிற வீடுகள் ஏராளம். ஒன்றரை வயதில் தட்டம்மை ஊசியோடு முத்தடுப்பு ஊசியின் (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னிக்கானது) பூஸ்டரும், அதாவது பாதுகாப்பை நீட்டிக்கும் கூடுதல் தவணையும் உண்டு. அப்புறம் 5 வயதுக்கு மேல் இன்னொரு பூஸ்டர். 10 வயதிலும் 16 வயதிலும் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான டிடி (Td) ஊசி.