சொல் விளக்கம்: கண்காணிப்பும் வேவும்

கோலாலம்பூரின் செந்தூலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் மின்தூக்கிகளில் கேமரா பொருத்தினார்கள். அறிவிப்பை நான்கு மொழிகளில் ஒட்ட வேண்டும், தமிழை நீங்கள் எழுதிக் கொடுங்கள் என்று குடியிருப்போர் சங்கத்தில் கேட்டுக்கொண்டார்கள். மலாயில் 'பெங்காவாசான்', ஆங்கிலத்தில் 'சர்வேலன்ஸ்' என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. அதிகம் யோசிக்காமல், 'இந்த இடம் கண்காணிப்பில் உள்ளது' என்று எழுதிக் கொடுத்தேன். ஒட்டிய அன்று மாலையே ஆறாவது மாடிப் பாட்டி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னை நிறுத்தினார். "கங்காணி போட்டிருக்கிறார்களா? யார் தம்பி அந்த ஆள்?"

அவர் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து பால்மரம் சீவி வாழ்ந்தவர். நான் எழுதிய சொல்லை என்னைவிட அவர் சரியாகப் படித்திருக்கிறார். கங்காணியும் கண்காணிப்பும் ஒரே சொல்தான்.

கண் என்பதோடு காண் என்னும் வினை சேர்ந்து பிறந்தது கண்காணி. கண்ணால் கண்டு பார்த்துக்கொள்பவர் என்பது பொருள். சொல் மிகப் பழையது. கோயில் கல்வெட்டுகளில் 'மாகேசுவரக் கண்காணி' வருகிறது. கோயில் காரியங்கள் முறையாக நடக்கின்றனவா என்று மேற்பார்க்கும் பொறுப்பு அது. திருமூலர் இச்சொல்லைக் கடவுளுக்கே கொடுத்தார்:

கண்காணி இல்லென்று கள்ளம் பலசெய்வார்
கண்காணி இல்லா இடமில்லை காணுங்கால்

பார்ப்பவன் இல்லை என்று நினைத்துக் களவு செய்கிறார்கள், ஆனால் அவன் இல்லாத இடமே இல்லை என்கிறார். எங்கும் நிறைந்த பார்வையைத் தமிழ் ஒருகாலத்தில் இறைவன் ஒருவனுக்குத்தான் ஒப்புக்கொண்டிருந்தது.

அங்கிருந்து இறங்கி மலாயாத் தோட்டத்துக்கு வந்தபோது சொல் தேய்ந்து 'கங்காணி' ஆனது. ஊருக்குப் போய் ஆள் சேர்த்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர் அவர்தான்; வந்தவர்களை வேலை வாங்கியவரும் அவர்தான். தம் ஆட்கள் வேலைக்கு நின்ற நாளுக்குத் தலைக்காசு வாங்கினார். விடியுமுன் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியதும் அந்த ஆள்சேர்ப்பு முறை ஓய்ந்தது. சொல் மட்டும் நம் குடும்பங்களில் தங்கிவிட்டது, கசப்போடுதான் தங்கியது.

ஆனாலும் கங்காணிக்கு ஒரு முகம் இருந்தது. எந்த வீட்டில் இருக்கிறார், எந்த ஊர்க்காரர், யாருக்குச் சொந்தம் என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர் பார்ப்பது போலவே அவரையும் பார்க்க முடிந்தது. பாட்டி "யார் அந்த ஆள்?" என்று கேட்டது இந்தப் பழக்கத்தால்.

சர்வேலன்ஸ் வேறு வழியில் வந்த சொல். பிரெஞ்சில் 'சுர்' என்றால் மேலே, 'வெய்யே' என்றால் விழித்திருப்பது. அதன் வேர் இலத்தீனின் 'விகிலாரே'. மேலிருந்து உறங்காமல் பார்ப்பது என்று பொருள் வருகிறது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793இல், ஊருக்கு ஊர் ஏற்பட்ட குழுக்களுக்கு இந்தப் பெயர் இருந்தது. அன்னியரையும் சந்தேகத்துக்கு உரியவர்களையும் நோட்டமிடுவதுதான் அவற்றின் வேலை. ஆங்கிலத்துக்குள் சொல் குடியேறியது அதற்குப் பிறகுதான். பிறந்தபோதே அதில் அரசும் சந்தேகமும் இருந்தன.

மலாயின் 'பெங்காவாசான்' 'ஆவாஸ்' என்ற சொல்லிலிருந்து வருவது. சாலையோரப் பலகைகளில் நாம் தினமும் பார்க்கும் அதே 'ஆவாஸ்'தான்: எச்சரிக்கை. உளவுத்துறைக்கு மலாய் வைத்திருக்கும் 'ரிசிக்கான்' இன்னும் அழகானது. பெண் கேட்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டார் சத்தமில்லாமல் விசாரிக்கும் சடங்குக்கு 'மெரிசிக்' என்று பெயர். இரண்டும் ஒரே வேர். போலீசுக்கு முன்பு வழங்கிய 'மாத்தா-மாத்தா'வில் கண்கள்தான் இருக்கின்றன. நம் அண்டை மொழியும் கண்ணை விட்டுவிடவில்லை.

இப்போது தமிழின் மற்ற மூன்று சொற்களுக்கு வருகிறேன்.

ஒற்று. ஒற்றுதல் என்றால் மெல்லத் தொட்டு அழுத்துதல். கண்ணீரை முந்தானையால் ஒற்றுகிறோம், வீங்கிய இடத்தில் ஒற்றடம் கொடுக்கிறோம். ஒட்டிக்கொண்டே இருந்து செய்தியை உறிஞ்சி எடுப்பவன் ஒற்றன்.

வேவு. இதன் பழைய வடிவம் வேய். ஆநிரை கவரப் போகும் வெட்சித் திணையின் துறைகளில் ஒன்றாகத் தொல்காப்பியம் 'புடைகெட ஒற்றின் ஆகிய வேயே' என்கிறது. பகைப்புலத்தில் இருப்பவர் அறியாதபடி மறைந்து போய்ப் பார்த்து வருவது வேய். மறைவு இல்லாவிட்டால் அது வேவு ஆகாது. இந்த ஒரு குறிப்புக்காகவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

உளவு. உள் என்பதன் அடியாக வந்தது. உள்ளே இருக்கும் மறைபொருளும் அதை அறியும் வழியும் உளவு. உளவுத்துறை என்பது நிலைத்துவிட்டது. நல்ல சொல், மாற்றத் தேவையில்லை.

நம் நாட்டில் அந்தத் துறை போலீசின் சிறப்புப் பிரிவு. 1948இல் மலாயாப் பாதுகாப்புச் சேவையைக் கலைத்துவிட்டு அந்தப் பொறுப்பை அதனிடம் கொடுத்தார்கள். வீடுகளில் அதன் பெயர் 'எஸ்.பி.' 2007 டிசம்பரில் மலேசிய இந்தியர்களின் உரிமைக்காகப் போராடிய ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் தலைவர்கள் ஐவர், விசாரணையின்றிக் காவலில் வைக்க இடம் தந்த இசா சட்டத்தில் தடுத்து வைக்கப்பட்ட நாட்களில், தொலைபேசியில் அந்தப் பேச்சு எழுந்தாலே என் அப்பா உதட்டில் விரலை வைப்பார். கறுப்பு நிற மேசைத் தொலைபேசி. அதன் சுருள் கம்பியை இடது கையில் சுற்றிக்கொண்டு, "சரி, நேரில் பேசலாம்" என்று மட்டும் சொல்வார். எங்கள் இணைப்பை யாராவது ஒட்டுக்கேட்டார்களா? கேட்டிருக்கவே வேண்டியதில்லை. ஒரு வீடு தானாகவே வாயடைத்துக்கொண்டது. இதைக் 'கண்காணிப்பு' என்ற சொல் சொல்லுமா?

சொல்லாது என்பதே என் கருத்து. இன்று செய்தி எழுதுகிறவர்கள் மின்தூக்கிக் கேமராவுக்கும் கண்காணிப்பு என்கிறார்கள், நோயாளியின் உடல்நிலையைப் பார்ப்பதற்கும் கண்காணிப்பு என்கிறார்கள், அரசு மக்களின் தொலைபேசி விவரங்களைத் திரட்டுவதற்கும் அதையே எழுதுகிறார்கள். அப்படி எழுதும்போது மறைவாகச் செய்யும் காரியத்துக்கு மருத்துவமனை வார்டின் அக்கறை வந்து ஒட்டிக்கொள்கிறது. 2025 ஜூனில், சனவரி முதல் மார்ச் வரையிலான அழைப்பு, இணையப் பயன்பாட்டுப் பதிவுகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் அரசின் தொடர்பு, பல்லூடக ஆணையம் கேட்டிருக்கிறது என்ற செய்தி வெளியானது. ஆள் அடையாளம் நீக்கிய தரவுதான், சுற்றுலா போன்ற துறைகளின் புள்ளிவிவரத்துக்காகத்தான் என்று ஆணையம் விளக்கியது. அந்த விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது செய்தி வந்த பிறகு வந்தது. முன்பே சொல்லியிருந்தால் அதைக் கண்காணிப்பு என்றுகூடச் சொல்ல வேண்டியிருக்காது, கணக்கெடுப்பு என்றே எழுதியிருக்கலாம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய அரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது என்பதையும் சேர்த்து நினைத்தால், மக்களுக்கு ஏன் சந்தேகம் வருகிறது என்பது புரியும்.

சந்தேகத்துக்கு வேறு காரணமும் உண்டு. 2017இல் பெட்டாலிங் ஜெயாவில் பட்டப்பகலில் பாதிரியார் ரேமண்ட் கோ கடத்தப்பட்டார். 2019 ஏப்ரலில் மனித உரிமை ஆணையமான சுஹாகாம், அவரைக் காணாமற்போகச் செய்தது போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானின் சிறப்புப் பிரிவுதான் என்று தன் விசாரணை முடிவில் கூறியது.

இங்கே 'இரகசியம்' என்ற சொல்லும் வந்துவிடுகிறது. இது வடசொல், மலாயின் 'ரஹ்சியா'வும் அதுவே. தமிழில் மறை. 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தில் நான்கு தரங்கள் உண்டு: ரஹ்சியா பெசார், ரஹ்சியா, சூலிட், தெர்ஹாட். மூன்றாவது நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும், ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வுத்தாளின் மேல் ஓரத்தில் 'சூலிட்' என்று அச்சிட்டிருக்கும். தேர்வு தொடங்கும் மணி அடித்தவுடன் அந்த மறை உடைந்துவிடும். சட்டத்தின் மறைக்கு அப்படி மணி அடிப்பதில்லை. 1986இல் செய்த திருத்தத்தின்படி, ஓர் ஆவணம் இரகசியம் என்று அமைச்சரோ பொறுப்பதிகாரியோ சான்றளித்தால் அதுவே முடிந்த முடிவு. எந்த நீதிமன்றத்திலும் அதைக் கேள்வி கேட்க முடியாது. மீறியவருக்குக் குறைந்தது ஓராண்டுச் சிறை. பினாங்கும் சிலாங்கூரும் தகவல் அறியும் சட்டங்களை இயற்றியிருக்கின்றன, ஆனால் அவை மாநில அரசின் கோப்புகளோடு நின்றுவிடுகின்றன.

வள்ளுவர் இதில் நமக்குத் துணை. ஒற்றாடல் அதிகாரம் அரசனுக்காக எழுதியது, மறுக்கவில்லை. எல்லாருக்கும் நடப்பதை எல்லாம் அறிவது வேந்தன் தொழில் என்றே அதில் ஒரு குறள் இருக்கிறது. ஆனால் ஒற்றின் கண் யார் மேல் விழ வேண்டும் என்று பட்டியலிடும்போது அவர் தொடங்கும் இடத்தைப் பாருங்கள்:

வினைசெய்வார் தம்சுற்றம் வேண்டாதார் என்றாங்கு
அனைவரையும் ஆராய்வது ஒற்று

முதலில் அரசின் வேலையைச் செய்பவர்கள், அடுத்து அரசனின் சொந்தக்காரர்கள், அதற்குப் பிறகே பகைவர். ஒற்றன் கொண்டுவந்த செய்தியையும் இன்னோர் ஒற்றனால் சரிபார்த்துக்கொள் என்று மற்றொரு குறளில் சொல்கிறார். உளவு அமைப்பின் பேச்சை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பது அரசனுக்கே சொன்ன அறிவுரை.

ஆகவே நான் கையாள்வது இப்படி. பார்க்கப்படுபவருக்குத் தெரிந்து, பார்ப்பவர் யார் என்று கேட்டால் பதில் கிடைக்கும் இடத்தில் கண்காணிப்பு. தெரியாமல் செய்வது வேவு. பேச்சைக் கேட்பது ஒட்டுக்கேட்டல். செய்பவர் அரசாக இருந்தாலும், நீதிமன்ற அனுமதியே இருந்தாலும், மறைந்து பார்த்தால் அது வேவுதான். அனுமதி அதைச் சட்டப்படியான வேவு ஆக்கும், கண்காணிப்பு ஆக்காது. பாதுகாப்புக் குற்றங்களுக்கான 'சொஸ்மா' சட்டத்தின் கீழ் தகவல்தொடர்பை இடைமறிக்கும் அதிகாரத்தைப் பற்றி எழுதும் நண்பர்கள் இந்த வேறுபாட்டைக் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அறிவிப்பைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். 'இந்த மின்தூக்கி கேமராவால் கண்காணிக்கப்படுகிறது. பதிவைப் பார்க்கும் பொறுப்பாளர்:' என்று போட்டு, பெயருக்கும் தொலைபேசி எண்ணுக்கும் ஒரு கோடு விட்டேன். சங்கத்தார் மறுப்புச் சொல்லாமல் ஒட்டினார்கள். கோட்டின் மேல் இன்னும் யாரும் பெயர் எழுதவில்லை. பாட்டி மின்தூக்கியில் ஏறும்போதெல்லாம் அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஆறாம் எண்ணை அழுத்துகிறார்.